ஏரியைத் தாண்டினால் மேல்மலை

மே மாதம் கொடைக்கானல் போய் வந்த எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். பார்த்த இடங்களைவிடக் காத்திருந்த இடங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். வெள்ளி அருவிக்கு முன்னால் முக்கால் மணி நேரம், ஏரிக்கரையில் வண்டி நிறுத்த அரை மணி நேரம், படகுக்கு டோக்கன் வாங்க இன்னொரு அரை மணி நேரம். டாக்ஸி டிரைவரிடம் ஓர் அட்டை இருக்கும். மோயர் பாயின்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை என்று அதில் வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். தூண் பாறைக்குப் போய்ச் சேரும்போது பாறையைக் காணோம், மூடுபனிதான் இருக்கிறது. அதற்கு முன்னால் நின்றும் ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு, “சீக்கிரம் ஏறுங்க, அடுத்த பாயின்ட் மூடிருவாங்க” என்று டிரைவர் அவசரப்படுத்த, எல்லோரும் மறுபடி வண்டிக்குள் திணிந்துகொள்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க நீதிமன்றமே இறங்க வேண்டியதாயிற்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்கு எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. கொடைக்கானலுக்குள் வார நாட்களில் 4,000 சுற்றுலா வாகனங்கள், வார இறுதியில் 6,000. ஒரு நாளைக்கு ஆறாயிரம் வண்டி என்பதே கட்டுப்பாடு என்றால், கட்டுப்பாடு இல்லாத நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வேறு வந்தது. 1991இல் வந்த ‘குணா’வின் பெயரால் அறியப்பட்ட குகை, முப்பத்து மூன்று வருடம் கழித்து மறுபடி ஹவுஸ்ஃபுல்.

இந்த நெரிசலிலிருந்து நழுவிப் போகும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஏரியில் நிற்பதில்லை. அப்சர்வேட்டரி சாலையைப் பிடித்து நேரே மேல்மலைக்குப் போய்விடுகிறார்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, கூக்கால் என்று நீளும் ஊர்கள் அவை. அங்கே மரத்தாலோ மண்ணாலோ கட்டிய ஒரு வீட்டை முழுசாக வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பாட்டியிலிருந்து பேரப்பிள்ளை வரை எல்லோரும் அதற்குள்ளேயே கிடக்கிறார்கள். கேபின், காட்டேஜ், ஃபார்ம் ஸ்டே என்று விளம்பரங்களில் பல பெயர்கள். ஊர்க்காரர்களுக்கு எல்லாமே ‘ஸ்டே’தான். “நம்ம ஸ்டேல இன்னிக்கு ஆளிருக்கு” என்றால் வாடகை வந்துவிட்டது என்று அர்த்தம்.

குடும்பத்தோடு மலைக்குப் போவதென்றால் இப்படித்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அந்த வீடு எந்த மண்ணில் நிற்கிறது, அதன் வாடகை யார் மடிக்குப் போகிறது என்று விசாரிக்காமல் போகக் கூடாது என்பதும் அதே கட்சியின் கொள்கைதான்.

பூண்டு விளையும் படிக்கட்டு

கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரம். 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இன்னும் கொஞ்சம் மேலே. சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி நகர்கிறது என்று ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னது இந்த இடத்திலிருந்துதான். அதைத் தாண்டினால் ஹோட்டல் போர்டுகள் குறைகின்றன. சாலை ஒற்றை வண்டி அகலத்துக்குச் சுருங்குகிறது. இருபுறமும் சீகை மரங்களும் பைனும். எதிரே கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் வேன் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியே ஆக வேண்டும். மலை ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. சமவெளி டிரைவர்களில் பாதிப் பேர் இதை மறந்துவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு நடுவில் நிற்பார்கள்.

பதினெட்டு இருபது கிலோமீட்டர் போனதும் ஒரு வளைவில் வண்டிகள் நிற்கும். கீழே பூம்பாறை. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள், ஒவ்வொரு படியிலும் வேறு வேறு பச்சை, நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு தகர ஓட்டு வீடுகள், அவற்றுக்கிடையே கோயில் கோபுரம். இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்த்த படம் இந்த வளைவில் எடுத்ததுதான். பெரும்பாலானவர்கள் இங்கிருந்தே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கீழே இறங்கி ஊருக்குள் நடந்தால்தான், அந்தப் படிகள் ஒவ்வொன்றையும் தாங்கி நிற்பது கையால் அடுக்கிய கல் கட்டு என்று தெரியும். மழையில் ஒரு கல் சரிந்தால் மறுநாளே எடுத்துக் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மேல் படியின் மண் கீழ் படிக்காரருக்குப் போய்விடும்.

பூம்பாறையின் சாமி குழந்தை வேலப்பர். பழநி தண்டாயுதபாணியைச் செய்த போகர்தான் இந்தச் சிலையையும் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. அருணகிரிநாதர் இங்கே வந்து உறங்கியபோது அவரைத் தாக்க வந்த அரக்கியை முருகன் குழந்தை வடிவில் வந்து தடுத்தான், அதனால் இந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையைவிடத் தேர் பிடிக்கும். ஊர்த் தெருக்கள் அவ்வளவு சரிவு. தேரை முன்னால் மட்டும் வடம் பிடித்து இழுத்தால் இறக்கத்தில் தானாக ஓடிவிடும். அதனால் பின்னாலும் வடம் கட்டி ஒரு கூட்டம் இழுத்துப் பிடித்துக்கொண்டே வருகிறது. முன்னால் நிற்பவர்கள் நகர்த்த, பின்னால் நிற்பவர்கள் அடக்க, அப்படியே தேர் ஊரைச் சுற்றி வருகிறது.

இந்த ஊர்களின் பணப்பயிர் பூண்டு. ஆண்டுக்கு இரண்டு போகம். உருளை, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் உண்டு என்றாலும் வீட்டின் கல்யாணமும் கடனும் பூண்டைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். மேல்மலையில் விளைந்த பூண்டு மலையிறங்கிப் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. காரம் தூக்கலாக இருக்கும், நாள்பட வைத்தாலும் கெடாது. 2019இல் ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்கு முயற்சி எடுத்ததில் கொடைக்கானலிலேயே இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்குப் பங்குண்டு.

முக்கோண வீடும் ஓட்டு வீடும்

இனி வீட்டுக்கு வருவோம். மேல்மலையில் இன்று அதிகம் முளைப்பது ‘ஏ-ஃப்ரேம்’. தரையிலிருந்தே கூரை தொடங்கி உச்சியில் முக்கோணமாகக் கூடும் மரவீடு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஓர் ஏணி, ஏணிக்கு மேலே பரணில் ஒரு படுக்கை. படத்தில் இதை அடிக்க எதுவும் இல்லை. உள்ளே தங்கிப் பார்த்தால்தான் கேள்விகள் எழுகின்றன. இவ்வளவு செங்குத்தான கூரை பனிப்பொழிவு உள்ள நாடுகளில் பிறந்தது. கூரையில் விழும் பனி தங்காமல் வழிந்து போவதற்கான ஏற்பாடு அது. கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி படியும், உண்மைதான். ஆனால் கூரையில் குவிகிற பனி எப்போதும் பெய்ததில்லை. பெய்வது மழை. தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் அடுத்த கட்டிலில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். விடியற்காலையில், ஆறு பேர் விட்ட மூச்செல்லாம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டுச் சொட்டாகப் போர்வையில் விழுகிறது. “கூரை ஒழுகுதுப்பா” என்று பிள்ளைகள் எழுப்புவார்கள். ஒழுகுவது நாம்தான்.

பரணுக்கு ஏறும் ஏணியைப் பார்த்ததும் எங்கள் அப்பத்தா கேட்ட கேள்வி நியாயமானது. “ராத்திரி ரெண்டு வாட்டி எந்திரிக்கிறவளுக்கு இதுல என்னடா வசதி?”

பக்கத்திலேயே நிற்கும் பழைய மலைவீடுகளைக் கவனித்தால், கட்டியவர்களுக்கு இந்த மலை தெரியும் என்பது புரியும். சுவர் மண், கனமாக. உயரம் குறைவு, நிமிர்ந்து நுழைந்தால் நெற்றி இடிக்கும். ஜன்னல் சின்னது. அடுப்பின் சூடு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பதே கணக்கு. இப்படிப்பட்ட வீட்டில் இரண்டு அறையை ஒழித்துக் கழிப்பறை கட்டி வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். படத்தில் எடுபடாத வீடுகள் இவை, அதனால் செயலிகளில் கடைசிப் பக்கத்தில் கிடக்கும். குடும்பத்தோடு, அதிலும் வயதானவர்களோடு போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது இவற்றைத்தான்.

எந்த வீடானாலும் தண்ணீர்க் கதை ஒன்றுதான். மேல்மலைச் சாலையோரம் நடந்தால் பாம்புக் கூட்டம் மாதிரி கறுப்பு ஓஸ் பைப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். காட்டுக்குள் எங்கோ ஓர் ஊற்றில் தொடங்கி, மரத்தில் கட்டித் தொங்கி, பாலத்துக்கு அடியில் நுழைந்து, கடைசியில் யார் வீட்டுத் தொட்டியிலோ போய் விழும். மோட்டார் கிடையாது, சரிவுதான் மோட்டார். நாங்கள் தங்கியிருந்த வீட்டில் ஒரு காலை தண்ணீர் நின்றுவிட்டது. பார்த்துக்கொள்ளும் அண்ணன் பதறவில்லை. இடுப்பில் ஓர் அரிவாள், கையில் பழைய சைக்கிள் டியூபின் துண்டு. ஓஸைத் தடவிக்கொண்டே மேலே நடக்கத் தொடங்கினார். பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள். கொஞ்ச தூரம் போனதும் நின்று, ஓஸைக் காதில் வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை. இன்னும் மேலே. மறுபடி காதில் வைத்தார். மூன்றாவது இடத்தில் சேற்றில் பெரிய குளம்புத் தடம், அதற்கு நேர் அடியில் ஓஸின் இணைப்பு கழன்று கிடந்தது. “காட்டுமாடு மிதிச்சிருச்சு, வேறொண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு, இரு முனைகளையும் சேர்த்து டியூப் துண்டை இழுத்து இழுத்துச் சுற்றினார். ஓஸுக்குள் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் ஓடும் சத்தத்தைப் பிள்ளைகள் ஆளாளுக்குக் காதை வைத்துக் கேட்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் பல் துலக்கும்போது குழாயைத் திறந்து விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ‘நீர் சேமிப்பு’ என்று எத்தனை சார்ட் ஒட்டினாலும் நடக்காத காரியம்.

சும்மா இருப்பது

முதல் நாள் கஷ்டம்தான், மறைக்க வேண்டியதில்லை. போனில் கோடு ஏறாது. ஏதாவது ஒரு வளைவில், ஏதாவது ஒரு பாறை மேல் நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும். அந்தப் பாறை எது என்பதை ஊருக்கு வந்த அரை மணி நேரத்தில் நம் வீட்டுப் பதினைந்து வயது கண்டுபிடித்துவிடும். ஆபீஸ் மெயில் பார்க்கும் சித்தப்பாவும் ரீல்ஸ் பார்க்கும் பிள்ளையும் அதே பாறையில் ஒன்றாகக் குந்தியிருப்பார்கள். சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் பாறையில் நிற்க முடியாது, இருவரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அதன் பிறகுதான் விடுமுறை தொடங்குகிறது. பகல் முழுக்கச் செய்ய ஒன்றும் இல்லை என்பதால் சமையல் பெரிய காரியமாகிறது. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டால் தோட்டத்திலிருந்தே பட்டாணியும் பீன்ஸும் பறித்துத் தருவார். ஒரு கூடை பட்டாணியை நடுவில் கொட்டிச் சுற்றி உட்கார்ந்தால், உரித்து முடிப்பதற்குள் எந்தக் குடும்பத்திலும் பத்து வருடமாகப் பேசாத விஷயம் ஒன்று வெளியே வரும். எங்கள் வீட்டில் வந்தது, ஒரு கல்யாணத்தில் யார் யாருக்கு முறைப்படி பத்திரிகை வைக்கவில்லை என்கிற பழைய வழக்கு. தீர்ப்பு கிடைக்கவில்லை. பட்டாணி தீர்ந்துவிட்டது.

ராத்திரி அப்பத்தாவை வீட்டுக்காரர்கள் தங்கள் அடுப்படிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். “இங்கிட்டு அடுப்புக்கிட்ட வந்து உக்காருங்கம்மா, அந்தக் கண்ணாடி வீட்டுல குளுரும்.” மேலே மூங்கிலில் கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்கிக்கொண்டிருந்தது. தாளோடு பிடுங்கி, கட்டுக் கட்டாக முடிந்து, அடுப்புப் புகை படும்படி கட்டிவிடுகிறார்கள். புகையேறிய பூண்டு அழுகாது, பூச்சி தின்னாது. அடுத்த போகத்துக்கு விதையும் அதுதான். தோல் தேன் நிறமாகிப் பளபளப்பாக இருக்கும். ஒரு பல்லை நகத்தால் கீறினால் கண்ணில் நீர் வருகிற காரம். கடையில் நாம் வாங்கும் பெரிய வெள்ளைப் பூண்டில் நான்கு பல் போட வேண்டிய ரசத்துக்கு இதில் ஒன்றிரண்டு போதும். அப்பத்தா அன்று அங்கே கற்றுக்கொண்டு வந்த பூண்டுக் குழம்பைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். அதைவிட, அந்த வீட்டுப் பெரியம்மாவும் இவரும் முழங்கால் வலிக்கு என்னென்ன பூசுவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதைத்தான் அதிகம் பேசுகிறார். எந்தப் பாயின்ட் அட்டையிலும் இது இல்லை.

வெளியே போக வேண்டும் என்று தோன்றினால் நடக்கலாம். மன்னவனூரில் ஏரி இருக்கிறது, வனத்துறை பரிசல் விடுகிறது. ஏரியைச் சுற்றிப் பசும்புல் மேடுகள். அந்த ஊரிலேயே மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை 1965இலிருந்து இயங்குகிறது. மென்மையான ரோமத்துக்காக வளர்க்கும் பாரத் மெரினோ ஆடுகளும், ஒரு கையில் தூக்க முடியாத கொழுத்த முயல்களும் அங்கே உண்டு. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் முயல் கூண்டை விட்டு நகர்த்துவது பெரும்பாடு.

காலையில் சோலை ஓரம் கொஞ்சம் சும்மா நின்றால் ஒரு பறவைக் கூட்டம் புதருக்குள்ளிருந்து மாறி மாறிக் கூவும். பழநிச் சிரிப்பான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அதன் அறிவியல் பெயரில் ‘ஃபேர்பேங்க்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாமுவேல் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலையில் பறவைகளைத் தேடி அலைந்தவர்.

கொடைக்கானலே அப்படிப்பட்ட பாதிரியார்களின் குடும்ப விடுமுறையில் பிறந்த ஊர்தான். ஊட்டியை உருவாக்கியது கும்பினி அதிகாரிகள். கொடைக்கானலை உருவாக்கியது மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள். சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தவர்கள், உயிர் பிழைக்க இடம் தேடி மலையேறி, 1845இல் இங்கே இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அவர்களும் அவர்கள் மனைவிமார்களும் நடந்து ஏறியதாக நினைக்க வேண்டாம். பெரியகுளம் பக்கத்திலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கூலிகள். இன்று நாம் படம் எடுக்கும் ஏரி 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டியது. வண்டிப் பாதை வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து.

அவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே பளியர்கள் இந்தக் காடுகளில் இருந்தார்கள். குன்னுவர்கள் மேல்மலையில் படிவயல் வெட்டியிருந்தார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் 1845இல் வரலாற்றைத் தொடங்குவதால் இது பலருக்குத் தெரிவதில்லை.

அழகாக இருப்பதெல்லாம் காடல்ல

‘பைன் காட்டை ஒட்டிய கேபின்’ என்று விளம்பரம் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பைன் இந்த மலையின் மரமே இல்லை. சீகையும் தைல மரமும் அப்படித்தான். சீகைப் பட்டை தோல் பதனிட, தைல மரம் விறகுக்கும் கூழுக்கும் என்று திட்டம் போட்டு நட்டவை. நட்ட இடம் காலி இடம் என்று நினைத்தார்கள். அது காலி இடமல்ல, புல்வெளி. பள்ளத்தாக்கில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி என்பதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை உச்சிகளின் இயல்பு. புல்வெளிதான் மழையைப் பிடித்து வைத்துக் கோடை வரை ஓடைக்கு விடுகிறது. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். 1973இலிருந்து நான்கு பத்தாண்டுகளில் பழநி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் 2018இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். தின்றது நட்டு வளர்த்த மரமும் விரிந்துகொண்டே போன விவசாயமும். சீகை இப்போது யாரும் நடாமலே பரவுகிறது.

இந்த வரிசையில் மூன்றாவதாக வந்து சேர்ந்திருப்பது நமது மரவீடு. பூண்டு விலை ஒரு வருடம் ஏறினால் மறு வருடம் படுத்துவிடும். விதை, உரம், மூட்டைக் கூலி மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் சமவெளியிலிருந்து ஒருவர் வந்து, வியூ உள்ள இரண்டு படியைக் குத்தகைக்கோ கிரயத்துக்கோ கேட்டால் எத்தனை பேர் மறுப்பார்கள்? படியைத் தட்டி மட்டமாக்கி, ஜேசிபி விட்டு வழி வெட்டி, முக்கோண வீடுகளை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். நிலத்தை விற்றவரின் மகன் அதே இடத்தில் கெஸ்ட்டுக்கு வெந்நீர் தூக்கிக்கொண்டு இருப்பான். எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லவில்லை. தன் நிலத்திலேயே தானே இரண்டு அறை கட்டி, முன்னால் பூண்டும் பின்னால் விருந்தாளியும் என்று நடத்துகிறவர்களும் மேல்மலையில் உண்டு. பூண்டு விலை விழுந்த வருடம் மகளின் காலேஜ் ஃபீஸை அறை வாடகை கட்டியது என்று சொன்ன ஒருவரைப் பார்த்தேன். வாடகை முழுக்க வெளியூர் முதலாளிக்குப் போகும் வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் ஒரே ராத்திரிக்கு ஏறக்குறைய ஒரே பணம்தான் கொடுக்கிறோம்.

அதனால் முன்பதிவுக்கு முன் நான்கைந்து கேள்விகள் கேட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்காரர் அந்த ஊரா? தங்குமிடம் நடத்தப் பதிவும் அனுமதியும் இருக்கிறதா? மலைப்பகுதியில் கட்டடத்துக்கு உள்ளாட்சி அனுமதி மட்டும் போதாது, பல கிராமங்களில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் வேண்டும். அனுமதியில்லாத கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலில் சீல் வைத்த கதையெல்லாம் உண்டு. முன்பணம் கட்டிவிட்டுப் போய்ப் பூட்டைப் பார்த்து நிற்காதீர்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயங்கினால் கீழ் படியில் இருக்கும் வயலுக்குப் போகிறது என்று அர்த்தம்.

காட்டுமாடு விஷயம் தனி. ஓர் ஆள் உயரம், ஒரு டன் வரை எடை. பார்க்கச் சாதுவாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். அதன் அருகே போய் செல்ஃபி எடுப்பதைப் போன்ற மடத்தனம் வேறில்லை. இருட்டிய பிறகு வீட்டை விட்டு டார்ச் இல்லாமல் இறங்கக் கூடாது. குழந்தைகளை முற்றத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மிச்சச் சோற்றை வெளியே கொட்டினால் முதலில் பன்றி வரும், வீட்டு நாயைத் தேடிச் சிறுத்தையும் வரலாம். கேம்ப் ஃபயர் கேட்டு அடம் பிடிக்கும் இளைஞர் பட்டாளம் ஒன்று எல்லாக் குடும்பத்திலும் இருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும், மலை பற்றிக்கொள்ளும். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஸ்பீக்கரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

வாகனம் இல்லாதவர்களுக்குக் கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், பூண்டிப் பக்கம் பேருந்து போகிறது. எண்ணிச் சில பேருந்துகள்தான், நேரத்தை நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. மூட்டை, கோழி, பள்ளிப் பிள்ளைகள் எல்லோரோடும் நெருக்கி உட்கார்ந்து போகும் அந்தப் பயணம் டாக்ஸியைவிட நன்றாக இருக்கும். சொந்த வண்டியில் வருபவர்கள் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தே வராமல் இரண்டாம் கியரில் வரட்டும். மூடுபனியில் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

எந்த மாதம் போகலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மே மாதத்தை மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மழை விட்டு விட்டுப் பெய்யும், மலை பச்சையாக இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் முடிய வடகிழக்குப் பருவமழை, மண்சரிவு பயம் உண்டு. ஜனவரி உறைபனியைத் தாங்கும் உடம்பு இருந்தால் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும், நட்சத்திரம் பார்க்கலாம். குறிஞ்சி பார்க்க ஆசை என்றால் 2030 வரை பொறுக்க வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் அது 2006இலும் 2018இலும் பூத்தது. 2030இல் இ-பாஸ் கிடைப்பது லாட்டரிதான்.

கிளம்பும்போது பூண்டு வாங்குங்கள். சாலையோரக் கடையில் ‘மலைப்பூண்டு’ என்று எழுதி வைத்திருப்பதெல்லாம் மேல்மலையில் விளைந்ததல்ல, வெளி மாநிலப் பூண்டும் அந்தப் பெயரில் விலை போகிறது. தங்கிய வீட்டிலேயே, அடுப்புக்கு மேலே தொங்குவதில் ஒரு கட்டு கேளுங்கள். விதைக்கு வைத்தது என்று முதலில் மறுப்பார்கள். கொஞ்சம் பேசினால் ஒரு கட்டை அவிழ்ப்பார்கள். சொல்லும் விலை கடை விலையைவிடக் கூடத்தான் இருக்கும், பேரம் பேச வேண்டாம். காருக்குள் ஜன்னலை மூடிக்கொண்டு வத்தலக்குண்டு இறங்குவதற்குள் எல்லோர் துணியிலும் பூண்டு வாசனை ஏறிவிடும், அதனால் டிக்கியில் வையுங்கள்.